மாற்ற முடியாத சனிக்கிழமை

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, சிறுமலை அடிவாரத்துத் தண்ணீர்ப் பூங்காவில் காளை தன் சின்ன மகள் சுந்தரவள்ளியைப் பார்ப்பதாக ஏற்பாடு. பார்த்து ஆறு வருடமாகிறது.

போன வாரம்தான் அவர் சம்மதித்திருந்தார். சம்மதம் என்று வாய் திறந்து சொல்லவில்லை. வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர், கை கழுவிக்கொண்டே பெரிய மகள் கனகலட்சுமியைக் கேட்டார்.

"அங்க துண்டு நாம கொண்டு போகணுமா, அவுகளே குடுப்பாகளா?"

அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள், "ஊருல ஒருத்தருக்கும் தெரியப்படாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வள்ளி, மதுரை டவுனுக்குள் இருக்கும் பரீத்தைக் கல்யாணம் செய்துகொண்டு குவைத்துக்குப் போனவள். நாலு வயதில் நுஸைபா என்று ஒரு பெண் குழந்தை. இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விமானம். 'அவ இந்த வாசலுக்கு வரக் கூடாது, நான் அந்த வாசலுக்குப் போக மாட்டேன்' என்பது காளையின் பழைய பேச்சு. அதனால்தான் கனகலட்சுமி இரண்டு பேருடைய வாசலும் இல்லாத ஓர் இடத்தைத் தேடிப் பிடித்தாள்.

பூங்காவில் கோடைச் சலுகை அறிவித்திருந்தார்கள். அறுபது தாண்டிய ஒருவர் பெயரில் அறை போட்டால் குடும்பத்துக்கே பாதிக் கட்டணம். காளைக்கு அறுபத்து மூன்று. இரண்டு மாதத்துக்கு முன்பே அப்பா பெயரில் மூன்று அறைகள் போட்டுவிட்டாள். தேதி மாற்ற முடியாது, பெயர் மாற்ற முடியாது, யார் பெயரில் பதிவோ அவர் ஆதார் அட்டையோடு நேரில் வர வேண்டும் என்றெல்லாம் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அவள் அதையும் படித்தாள். திருநகரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது' என்று பெற்றோர்களுக்குச் சொல்கிறவள் அவள். பொடி எழுத்தைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை.

தவிர, வைகாசியில் ஊரில் என்ன இருக்கிறது?

திருவிழா இருந்தது. முதல் தீச்சட்டி யாருக்கு என்ற பங்காளிச் சண்டையில் நாலு வருடமாக நின்றுபோயிருந்ததால், இந்த வருடம் நடக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

*

வியாழக்கிழமை காலை. கனகலட்சுமியின் கணவன் அழகுபாண்டி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே போனை அவள் பக்கம் தள்ளினான். அவனுக்குத் திருப்பரங்குன்றத்தில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை.

"கோபப்படாமப் பாரு."

திரையில் ஒரு பேனர். நடுவில் முத்தாலம்மன். இடது பக்கம் காளை, வெள்ளைச் சட்டையில். வலது பக்கம் பங்காளி கண்ணுச்சாமி, அதே வெள்ளைச் சட்டையில். மேலே, 'கொடிக்கால்பட்டி வைகாசிப் பெருவிழா. வியாழன் இரவு காப்புக் கட்டு.'

"எந்த வியாழன்?"

"இன்னைக்குத்தான்."

"இது எப்ப உங்க கைக்கு வந்துச்சு?"

"செவ்வாக்கெழமை."

"செவ்வாக்கெழமை வந்ததை இன்னைக்குச் சொல்றீக!"

"ரெண்டு மூஞ்சியும் ஒரே சைசுல இருக்கணும்னு ரெண்டு நாளா என் உசுர வாங்குனாய்ங்க கனகு. ஸ்கேலை வச்சு அளந்து பாத்துட்டுத்தான் போனாய்ங்க. அந்த ரோதனையில..."

"எனக்குப் பயந்துக்கிட்டுன்னு சொல்லுங்க."

அழகுபாண்டி காபியைக் குடித்தான்.

அவள் அம்மா அன்னக்கொடிக்குப் போன் போட்டாள்.

"ஆமாத்தா, திங்கக்கெழமை தாசில்தார் ஆபீசுல உக்கார வச்சுப் பேசி முடிச்சு விட்டாக. மொதத் தீச்சட்டி நம்ம வீட்டுக்கு, மாவிளக்கு கண்ணுச்சாமி வீட்டுக்குன்னு. ஒங்கிட்டச் சொல்லப்படாதுன்னுட்டாரு ஒங்கப்பாரு. அவரே யோசிக்கிறாராம். யோசிக்கிறாரு, யோசிக்கிறாரு, சோறுதான் எறங்க மாட்டேங்குது."

கனகலட்சுமி போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். தீச்சட்டி எடுக்கிறவர் காப்புக் கட்டியாக வேண்டும். மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் வைத்து மணிக்கட்டில் ஒரு கயிறு. அதைக் கட்டிக்கொண்டவர் அடுத்த வாரம் திருவிழா முடிந்து அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பக்கத்து ஊர் டீக்கடைக்குக்கூட.

*

பூங்காவின் எண்ணை மூன்றாவது முறை அழைத்தபோது ஆள் கிடைத்தது. சூர்யபிரகாஷ் என்று பெயர் சொன்னான்.

"மேம், இது ஆஃபர் புக்கிங். டேட் சேஞ்ச் பண்ண முடியாது."

"பின்னாடி தள்ளச் சொல்லல தம்பி. இன்னைக்கே வந்துர்றோம். சாயங்காலத்துக்குள்ள திரும்பிருவோம்."

"அதுவும் சேஞ்ச்தான் மேம்."

"சரி, பேரையாவது மாத்துங்க. எங்கப்பா பேருக்குப் பதிலா என் பேரு."

"உங்களுக்கு என்ன வயசு மேம்?"

"முப்பத்தெட்டு."

"சீனியர் ஆஃபர் மேம்."

"முழுக் கட்டணம் கட்டுறேன், அப்பவாவது?"

"சனிக்கிழமை ஃபுல் மேம். நீங்க இதைக் கேன்சல் பண்ணா அந்த ரூமும் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கவங்களுக்குப் போயிரும்."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "எங்க ஊர்ல சாமிக்குக் காப்புக் கட்டுறாங்க தம்பி. அப்பா எல்லை தாண்ட முடியாது."

பிறகு அவன் குரலே மாறியது. "அக்கா, எனக்கும் வாடிப்பட்டிப் பக்கம்தான். காப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியாதுக்கா."

"ஒரு வழியும் இல்லையா?"

"அவரு ரெண்டு மணிக்கு வந்து ஆதாரைக் காட்டிட்டாப் போதும். ராத்திரி தங்குறாரா, போயிட்டாரான்னு நாங்க பாக்க மாட்டோம். ஆனா வரணும். அவரு வரலைன்னா மூணு ரூமுமே கேன்சல். வேற யாரையும் உள்ள விட முடியாது."

அவள் நன்றி சொல்லி வைத்தாள். இவ்வளவு வருடம் பள்ளி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்குத் தான் சொன்ன பதில்கள்தான் இவை என்று தோன்றியது. அவன் தன்னைவிடக் கனிவாகத்தான் சொன்னான்.

*

பையன்கள் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அழகுபாண்டியின் பைக்கில் கொடிக்கால்பட்டிக்குக் கிளம்பினார்கள். சுருட்டிய பேனரை அவள் மடியில் பிடித்துக்கொண்டாள். காற்றில் அதன் ஓரம் அவிழ்ந்து அப்பாவின் ஒரு கண்ணும் பாதி மீசையும் அவளைப் பார்த்தபடியே சோழவந்தான் வரை வந்தன.

காளை கொடிக்காலில் இருந்தார். கனகலட்சுமி செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனாள். அகத்தி நிழலில் அவர் கொடியை வளைத்துக் கோரையால் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"மாப்ள வந்துருக்காரா?"

"பேனரைக் கட்டுறாரு."

"என் மூஞ்சி எப்பிடி இருக்கு?"

"கண்ணுச்சாமி சித்தப்பா அளவுக்கே இருக்கு." அவள் அருகே போனாள். "அப்பா, ராத்திரி தங்க வேணாம். கேட்டுட்டேன். ரெண்டு மணிக்கு வந்து கார்டைக் காட்டிட்டு, பிள்ளையப் பாத்துட்டு, அஞ்சு மணிக்கெல்லாம் ஊருல இருக்கலாம்."

"ராத்திரி என்ன, பகலென்ன. எல்லை எல்லைதான் ஆத்தா."

"யாருக்குத் தெரியப் போகுது? உங்க மாப்ள வேன் எடுத்துட்டு வந்து..."

"கயித்தைக் கையில கட்டிக்கிட்டு வேனுக்குள்ள ஒளிஞ்சு போகச் சொல்றியா? களவாணிப் பய மாதிரி?"

"அப்பக் காப்புக் கட்டாதீக."

"கட்டலைன்னா தீச்சட்டி அவன் கைக்குப் போகும். நாலு வருசமா அதுக்குத்தான நாயா அலைஞ்சோம்? நம்ம பக்கத்துப் பங்காளி பதினோரு வீடு. அவுகளுக்கு என்ன பதில் சொல்றது?"

சொல்லிவிட்டு அவர் இன்னொரு கொடியைக் கட்டினார். முடிச்சு இறுகிவிட்டது. அவிழ்த்து மறுபடி கட்டினார்.

வரப்பில் ஒரு மொபெட் வந்து நின்றது. கண்ணுச்சாமி. காளையைவிட இளையவர். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கத்தினார்.

"என்னண்ணே, மக வந்துருக்கு போல! வா ஆத்தா, நல்லா இருக்கியா? அண்ணே, எட்டு மணிக்குள்ள கோயிலுக்கு வந்துருங்க. போன தடவ மாதிரி ஒரு இம்மி பெசகுச்சுன்னா தாசில்தாரு நம்மள மதிக்க மாட்டாரு. எழுதிக் குடுத்துருக்கோம். முறைன்னா முறைதான்."

"நான் என்னைக்கிப்பா முறையை மாத்துனேன்?"

"இல்ல, சொன்னேன்!" மொபெட் போய்விட்டது.

*

மத்தியானச் சாப்பாட்டில் அன்னக்கொடி மகளுக்கு அயிரை மீன் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கணவர் இன்னும் வீடு திரும்பவில்லை என்பதால் குரல் பெரிதாகவே இருந்தது.

"வழியே இல்லைங்காத. இருளாயி மகனுக்குக் கோர்ட்டுல வாய்தா வந்துச்சுல்ல, திருவிழா நடந்தப்ப? காப்புக் கட்டுறதுக்கு முன்னாடி சாமிகிட்ட உத்தரவு கேட்டான். பூசாரி ரெண்டு வெத்தலையில பூவை மடிச்சுப் போட்டாரு. அந்த வீட்டுல வயசுக்கு வராத பொட்டப் பிள்ளைதான் எடுக்கணும், அவன் மக எடுத்துச்சு. வெள்ளைப் பூ வந்துச்சு. போயிட்டு வந்தான். சாமி என்ன, போகக் கூடாதுன்னா சொல்லுது?"

"அப்ப அப்பாவும் கேக்கலாம்ல?"

"கேக்கலாம். ஆனா என்ன சோலின்னு ஊருக்கு முன்னால வாய் விட்டுச் சொல்லணும். அந்த எடத்துலதான் ஒங்கப்பாருக்குத் தொண்டை அடைக்குது." அன்னக்கொடி ஒரு மீனை எடுத்து மகள் தட்டில் வைத்தாள். "ஆஸ்பத்திரின்னு பொய் சொல்லலாமேன்னேன். சாமிகிட்டயா பொய் சொல்லச் சொல்றன்னு என்னைய அடிக்க வந்துட்டாரு. அம்புட்டு நல்லவரு."

சாப்பிட்ட கையோடு கனகலட்சுமி வள்ளிக்குப் பேசினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

பின்னால் நுஸைபாவின் குரல் கேட்டது. நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று அழுகிறாளாம்.

"விடுக்கா. அப்பாவை ஊருக்கு முன்னால நிக்க வைக்காத. அவரு வாரேன்னு சொன்னாருல்ல, அது போதும். நாங்க மட்டும் போயிட்டு வாறோம். பிள்ளை ஏங்கிப் போயிருக்கா."

"அப்பா வராம உங்கள உள்ள விட மாட்டாங்களாம் வள்ளி. பதிவு அவரு பேருல."

வள்ளி சிரித்துவிட்டாள். "நல்ல எடம் பாத்த போ! அப்பா இல்லாம எனக்கு எங்கயுமே கதவு தெறக்காது போலயே."

கனகலட்சுமி வேறு ஏதோ பேசினாள். அடுத்த விடுமுறை எப்போது என்று கேட்டாள். இரண்டு வருடம் ஆகும் என்றாள் வள்ளி.

எதையாவது செய்தாக வேண்டும் என்ற வேகத்தோடு வந்தவளுக்கு இப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. காளை மாலையில்தான் வந்தார். குளித்தார். மஞ்சள் வேட்டி கட்டினார். சாப்பிடவில்லை. மகளைப் பார்த்து, "சனிக்கெழம..." என்று ஆரம்பித்தவர், "அந்த வேட்டி மூலையைப் புடி" என்று முடித்துக்கொண்டார்.

*

கோயில் முன்னால் ஊர் முழுக்க இருந்தது. நாலு வருடம் கழித்து நடப்பதால், வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் வந்திருந்தார்கள். பேனரில் இரண்டு முகங்களும் ஒரே அளவில் சிரித்துக்கொண்டிருந்தன. காப்புக் கட்ட வேண்டிய ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். முதலில் காளை.

பூசாரி சிவபாண்டி தட்டில் இருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"எல்லை தாண்டுற சோலி ஆருக்காச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்கப்பா. கட்டுனதுக்கு அப்புறம் கேக்கப்படாது."

பூசாரி கயிற்றோடு காளையின் பக்கம் குனிந்தார். "கையை நீட்டுங்கண்ணே."

காளை கையை நீட்டவில்லை.

"எனக்கு இருக்கு" என்றார்.

"என்ன சோலிண்ணே?"

"மகளைப் பாக்கப் போகணும். சனிக்கெழம."

கண்ணுச்சாமி சிரித்தார். "மக இங்கதானண்ணே நிக்குது! திரும்பிப் பாத்தாத் தெரியும்." கூட்டமும் சிரித்தது. பெண்கள் பக்கம் நின்ற கனகலட்சுமியை நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சின்னவளை" என்றார் காளை.

சிரிப்பு நின்றது.

"சுந்தரவள்ளியை" என்று அவரே மறுபடி சொன்னார், பெயரைச் சொல்லாவிட்டால் சாமிக்குப் புரியாது என்பதுபோல.

அன்னக்கொடி மகளின் கையைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பூசாரி சிவபாண்டி இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஒரு வெற்றிலையில் சிவப்பு அரளியையும் இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டையையும் வைத்து, ஒரே மாதிரி மடித்து நூலால் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு குலுக்கி அம்மன் காலடியில் போட்டார்.

"பொம்பளப் பிள்ளையைக் கூப்பிடுங்கண்ணே."

கனகலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. தனக்கு இரண்டும் பையன்கள். அந்த வீட்டில் சின்னப் பெண்ணே கிடையாது.

கண்ணுச்சாமிக்கும் அது தெரியும். முன்னால் வந்தார். அவர் குரலில் குத்தல் இல்லை, நேரமாகிறதே என்கிற அவசரம்தான். "எம் பேத்தி நிக்கிறா. அவ எடுக்கட்டும்ணே. கதையை முடிப்போம்."

"கேக்குறது எவ் வீடு" என்றார் காளை. "எவ் வீட்டுப் பிள்ளைதான் எடுக்கணும். காலையில நீதான சொன்ன, முறைன்னா முறைதான்னு?"

"உங்க வீட்டுல ஏதுண்ணே பொட்டப் பிள்ளை?"

"இருக்கு. மதுரையில."

இப்போது கூட்டம் வாய்விட்டே பேசத் தொடங்கியது. பின்னாலிருந்து ஒருவர், "அது பாய் வீட்டுப் பிள்ளையில்ல?" என்றார்.

"எம் மக பெத்த பிள்ளை" என்றார் காளை, யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்காமல்.

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். சிவபாண்டி தாடியைச் சொறிந்தார். "வீட்டுப் பிள்ளை எடுக்கணும்னுதான் முறை. அதுக்கு மேல ஒண்ணும் எங்கப்பன் எனக்குச் சொல்லிக் குடுக்கல." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் ஒம்பது வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள மொதக் காப்பு ஏறலைன்னா, அடுத்த வியாழன்தான். அம்புட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

கனகலட்சுமி போனை எடுத்து வள்ளியின் எண்ணை அழுத்தியிருந்தாள். "அக்கா?" என்ற குரல் கேட்டதும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

காளை பெண்கள் பக்கம் நடந்து வந்து, போனை அவள் கையிலிருந்து வாங்கினார். அதைக் காதில் வைக்காமல் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கொடிக்காலில் ஆளைக் கூப்பிடுகிற சத்தத்தில் கேட்டார்.

"ஆத்தா, பிள்ளைக்குப் பாவாடை சட்டை இருக்கா? ஒம்பதுக்குள்ள கோயில்ல பூ எடுக்கணும்."

போனுக்குள் எதுவோ கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம். அழுகையா, வேறெதுவுமா என்று தெரியவில்லை. பிறகு ஓர் ஆண் குரல், கொஞ்சம் மூச்சிரைக்க.

"மாமா, நான் பரீத். எந்த ரோட்டுல வரணும்? சொல்லுங்க."

காளை வாயைத் திறந்தார். ஆறு வருடமாகக் கூப்பிடாத மருமகனை எப்படி அழைப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

மணி ஏழு நாற்பது. கண்ணுச்சாமி பொறுக்க முடியாமல் நாலு எட்டு முன்னால் வந்தார்.

"சமயநல்லூர் வழியா வரச் சொல்லுங்கண்ணே. இன்னொரு ரோட்டைத் தோண்டிப் போட்டுருக்கான்."

அம்மன் காலடியில் இரண்டு வெற்றிலைப் பொட்டலங்களும் எது எதுவென்று தெரியாமல் கிடந்தன.